மிஷின் 96 காட்டுகிறது. தாத்தாவுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?

மாணவர்களே, முதலில் ஒரு சிறிய சோதனை. நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து அடக்குங்கள். (ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் செய்ய வேண்டாம். நீச்சல் குளத்தில் யாருமே செய்யக்கூடாது.) முதல் 20 விநாடி ஒன்றும் தெரியாது. பிறகு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். தட்டல் வலுத்துக்கொண்டே போகும். 40, 50 விநாடிக்குள் பலருக்கும் தாங்காது.

அந்தக் கடைசி விநாடியில் உங்கள் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருந்தால் என்ன காட்டியிருக்கும்? பெரும்பாலும் 97 அல்லது 98. சோதனை தொடங்கியபோது இருந்த எண்ணேதான். இரத்தத்தில் உயிர்வளி தீர்ந்துபோகவில்லை. அப்படியானால் உங்களைத் தாங்க முடியாமல் செய்தது எது?

படிவம் 3 அறிவியலில் இரண்டாம் அத்தியாயமான சுவாசத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, இதே கேள்வியை வேறு விதமாக ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்.

“டீச்சர், எங்க தாத்தாவுக்கு மூச்சு முட்டும்போது விரல்ல மிஷின் வெச்சுப் பார்ப்போம். 96 காட்டும். அப்பா உடனே, ‘ஒண்ணும் இல்லப்பா, 96 இருக்கு’ன்னு சொல்வாரு. தாத்தாவுக்குக் கோபம் வந்துடும். மிஷின் பொய் சொல்லுதா, தாத்தா பொய் சொல்றாரா?”

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மிஷின் அளப்பது ஒன்று, தாத்தா உணர்வது இன்னொன்று. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, நுரையீரல் புற்றுநோய் போன்ற கடும் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் அலைபோல வந்து போவதுண்டு. மாடிப்படி ஏறியதும் வரலாம், குளித்து முடித்ததும் வரலாம், சில நேரம் காரணமே இல்லாமலும் வரலாம். பெரியவர்கள் வேலைக்குப் போயிருக்கும் பிற்பகலில், பள்ளி விட்டு வந்த நீங்கள் மட்டுமே அருகில் இருக்கக்கூடும். அதனால் இந்த அறிவியல் தேர்வுக்கு வெளியேயும் உங்களுக்குத் தேவைப்படும்.

மூச்சை உந்துவது எது?

மூளையின் அடிப்பகுதியில் முகுளம் இருக்கிறது. நாம் தூங்கினாலும் ‘இழு, விடு’ என்று கட்டளை அனுப்பிக்கொண்டிருப்பது அதுதான். அது முதன்மையாகக் கவனிப்பது கரிவளியை. 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் கரிவளி சற்றே கூடினாலும் மூச்சின் வேகமும் ஆழமும் கூடிவிடுகின்றன. உயிர்வளி குறைவதைக் கவனிக்கவும் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உணரிகள் உண்டு. தமனிகளிலுள்ள இந்த உணரிகள் மூச்சைக் கட்டுப்படுத்துவதில் வகிக்கும் பங்கைக் கண்டறிந்த பெல்ஜிய நாட்டு ஹெய்மன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால், ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் மூச்சை அடக்கும்போது கதவைத் தட்டுவது பெரும்பாலும் கரிவளிதான்.

இதோடு கதை முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 1954இல் அமெரிக்காவில் வார்ட் ஃபௌலர் என்பவர் செய்த சோதனை அதைச் சிக்கலாக்கியது. தன்னார்வலர்கள் தாங்க முடியாத எல்லை வரை மூச்சை அடக்கினார்கள். உடனே அவர்களுக்கு ஒரு பையிலிருந்து சில மூச்சு இழுக்கக் கொடுத்தார். பையில் இருந்தது நல்ல காற்று இல்லை. உயிர்வளி 8 விழுக்காடு மட்டுமே. கரிவளியோ 7.5 விழுக்காடு. அந்தக் காற்றால் இரத்தத்தின் நிலை சீராக வழியே இல்லை. இருந்தும் அவர்களுக்கு ‘அப்பாடா’ என்று இருந்தது. மறுபடியும் மூச்சை அடக்கவும் முடிந்தது! மார்பு அசைந்ததுதான் அந்த நிம்மதியைத் தந்தது.

1990இல் பான்செட்டும் அவருடைய குழுவினரும் இதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தன்னார்வலர்களின் தசைகள் அனைத்தையும் மருந்தால் செயலிழக்க வைத்து, சுவாசக் கருவியின் மூலம் மூச்சு கொடுத்தார்கள். கரிவளியைக் கூட்டியபோது, ஒரு தசைகூட அசையாத நிலையிலும், அவர்கள் கடுமையான ‘காற்றுப் பசி’யை உணர்ந்தார்கள். (இதற்கு முன்வந்தவர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.)

இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பாருங்கள். முகுளம் ‘இவ்வளவு காற்று வேண்டும்’ என்று கட்டளை அனுப்புகிறது. அதன் நகல் ஒன்று மூளையின் மேல்பகுதிக்கும் போகிறது. நுரையீரல், மார்புத் தசை, முகத்தோல் ஆகியவற்றிலிருந்து ‘இவ்வளவு காற்று வந்தது’ என்ற அறிக்கை திரும்பி வருகிறது. கட்டளையும் அறிக்கையும் பொருந்தாதபோது எழும் உணர்வைத்தான் மூச்சு முட்டுகிறது என்கிறோம். கடையில் இரண்டு தோசை கேட்டு, அரைத் தோசை மட்டும் மேசைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அதுபோல.

தாத்தாவின் நுரையீரல் சேதமடைந்திருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பால் இரத்தத்தில் உயிர்வளி 96இல் நிற்கலாம். ஆனால் அதற்காக அவர் கொடுக்கும் விலை ஆக்சிமீட்டரில் தெரியாது. அது கரிவளியையும் அளப்பதில்லை. எதிர்மாறானதையும் உலகம் 2020இல் பார்த்தது. கோவிட் நோயாளிகள் சிலருக்கு உயிர்வளி அபாய அளவுக்கு இறங்கியும் மூச்சு முட்டவே இல்லை. எண் வேறு, உணர்வு வேறு.

உணர்வுக்குப் பின்னால் உடனே பயம் வருகிறது. பயம் மூச்சை வேகமாக்கும், தோள் தசைகளை இறுக்கும். இறுகிய தசைகள் மேலும் உயிர்வளி கேட்கும். அதனால் திணறல் கூடும், அதனால் பயமும் கூடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மூச்சுத் திணறலுக்கென்றே இயங்கும் மருத்துவக் குழுவைச் சேர்ந்த அன்னா ஸ்பாதிஸ், சாரா பூத் ஆகியோர் இதை மூன்று சுழல்களாக விளக்குகிறார்கள்: மூச்சு, எண்ணம், செயல். மூன்றாவது சுழலைப் பலரும் கவனிப்பதில்லை. திணறலுக்குப் பயந்து நோயாளி நடப்பதையே நிறுத்துகிறார். கால் தசைகள் மெலிகின்றன. பிறகு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், சுழலை எந்த இடத்தில் தடுத்தாலும் அதன் வேகம் குறையும்.

“நல்லா இழுங்க” என்று சொல்லாதீர்கள்

யாருக்காவது மூச்சு முட்டினால் சுற்றி இருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு அது தவறான அறிவுரை.

ஏன் என்று நீங்களே உணரலாம். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். இப்போது அதை முழுவதும் வெளியே விடாமல், சிறிதளவு மட்டும் விட்டு, அதன் மேலேயே மறுபடி இழுங்கள். இப்படி நாலைந்து முறை. போதும், நிறுத்துங்கள். உள்ளே காற்று நிறைந்திருந்தும் மூச்சு முட்டியது, அல்லவா? எம்பைசீமா நோயாளிக்கு நாள் முழுவதும் இந்த நிலைதான். அவருடைய காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, நுரையீரல் தன் மீள்தன்மையை இழந்திருக்கும். வெளியே விடும்போது சிறு காற்றுக்குழல்கள் அமுங்கி மூடிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே சிக்கிவிடும். நிறைந்த குடத்தில் மேலும் எப்படி ஊற்றுவது? முதலில் குடத்தைச் சற்றுக் காலி செய்ய வேண்டும்.

எனவே, “மெதுவா வெளிய விடுங்க தாத்தா” என்று சொல்லுங்கள். உதடுகளைக் குவித்து, சூடான தே தாரிக்கை ஆற ஊதுவது போல மெதுவாக ஊதச் செய்யுங்கள். குத்துவிளக்குச் சுடர் ஆட வேண்டும், அணையக்கூடாது. அவ்வளவு மென்மையாக. குவிந்த உதடுகள் காற்றின் வழியைக் குறுக்குவதால் உள்ளே சிறிதளவு அழுத்தம் தங்குகிறது. அந்த அழுத்தம் சிறு குழல்களைத் திறந்த நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. சிக்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. உள்ளிழுப்பது தானாக நடக்கும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எண்ணச் சொன்னால் சிலருக்குப் பதற்றம் கூடும். அவர்களுக்கு ஒரு நல்ல உத்தி: கதவு, சன்னல், தொலைக்காட்சி என எதிரில் இருக்கும் ஒரு செவ்வகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண் அதன் குட்டைப் பக்கத்தில் போகும்போது மூச்சை இழுக்கலாம், நீளப் பக்கத்தில் போகும்போது விடலாம். நீங்கள் விரலால் காற்றில் வரைந்தும் காட்டலாம். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு வேகம் தணியும்.

வேகம் தணிவதால் என்ன லாபம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லிலிட்டர் அளவு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே நின்றுவிடும். வாயுப் பரிமாற்றத்திற்கு அது உதவாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் மொத்தம் 7,500 மில்லிலிட்டர். அதில் நுண்ணறைகளுக்குப் போவது 350 × 15 = 5,250. பயத்தில் அவர் நிமிடத்துக்கு 30 முறை, 250 மில்லிலிட்டர் வீதம் மூச்சு விடுகிறார் என்று வையுங்கள். மொத்தம் அதே 7,500. ஆனால் நுண்ணறைக்குப் போவது 100 × 30 = 3,000 மட்டுமே. மூச்சின் எண்ணிக்கை இரட்டிப்பு, பலன் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவே. நோயாளியின் உண்மையான எண்கள் வேறாக இருக்கலாம். கணக்கின் போக்கு இதுதான்.

உட்காரும் விதமும் காற்றும்

ஓட்டப்பந்தயம் முடிந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்கிறீர்கள். யாரும் சொல்லித்தரவில்லை, உடலே கண்டுபிடித்தது. கைகளை ஊன்றியதும் தோளையும் கையையும் தாங்கும் வேலை தசைகளுக்குக் குறைகிறது. அவை மார்பை விரிக்க உதவிக்கு வருகின்றன. முன்னால் சாயும்போது உதரவிதானமும் நன்றாக வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. நோயாளியை மேசை அருகே நாற்காலியில் உட்காரவைத்து, மேசை மேல் தலையணை வைத்து, முன்கைகளை அதில் சாய்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது திணறல் வந்தால் சுவரிலோ சமையலறை மேடையிலோ சாயலாம். படுக்கவைப்பதைத் தவிருங்கள். மல்லாந்து படுத்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கால்களில் இருந்த இரத்தமும் திரும்பி வந்து நுரையீரலில் தேங்கும். அவர்களில் சிலருக்குக் குனிவதும் ஒத்துக்கொள்ளாது, நிமிர்ந்து சாய்ந்து உட்கார்வதே சுகம். எது சுகம் என்று நோயாளியே முடிவு செய்யட்டும்.

அடுத்தது விசிறி. பசார் மாலாமில் விற்கும் சிறிய மின்கல விசிறியே போதும். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கு, கன்னம், மேலுதட்டுப் பகுதியில் காற்று படும்படி காட்டுங்கள். கேம்பிரிட்ஜில் நடந்த ஓர் ஆய்வில் நீண்டகால மூச்சுத் திணறல் உள்ள 50 பேர் கைவிசிறியை ஐந்து நிமிடம் முகத்திலும், ஐந்து நிமிடம் காலிலும் காட்டிப் பார்த்தார்கள். முகத்தில் காற்று பட்டபோது திணறல் குறைந்தது. அதன் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. முகத்தோலின் குளிர் உணரிகளிலிருந்து முக்கிளை நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்தி, ‘காற்று வருகிறது’ என்ற அறிக்கையை வலுப்படுத்துவதாக விளக்கம் சொல்லப்படுகிறது. ஃபௌலரின் பை நினைவுக்கு வருகிறதா?

அதே 2010இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, உயிர்வளி பற்றியது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் கடும் நோயும் திணறலும் உடைய, ஆனால் இரத்தத்தில் உயிர்வளி குறையாத 239 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினருக்கு மூக்குக் குழாயில் உயிர்வளி, மறு பாதியினருக்கு அதே மாதிரிக் கருவியில் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஏழு நாள் கழித்துப் பார்த்தால் இரு குழுவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. இதைப் படித்துவிட்டு யாருடைய உயிர்வளிக் கருவியையும் நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் உயிர்வளி குறைந்தவர்களுக்கு அது சிகிச்சை. அளவை நீங்களாகக் கூட்டவும் கூடாது. அடைப்பு நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மீறிய உயிர்வளியால் இரத்தத்தில் கரிவளி சேர்ந்து மயக்கமே வரலாம்.

இன்னொரு எச்சரிக்கை நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. தணல் குச்சி உயிர்வளிச் சோதனைக்குழாயில் குப்பென்று எரிந்ததை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். உயிர்வளிக் கருவி ஓடும் அறையில் சாமி விளக்கு, கற்பூரம், சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, கருவி இல்லாத வீட்டிலும் இந்த நோயாளிக்கு ஆகாது. புகைமூட்டக் காலத்தில் சன்னலை மூடிவையுங்கள்.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது

நீங்கள் ஓடினால் அவரும் பதறுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். கேள்வி கேட்டால் ‘ஆமாம், இல்லை’ என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். மூச்சில்லாதவரிடம் “என்ன செய்யுது, எங்க செய்யுது” என்று விசாரிப்பது கொடுமை. அக்கம்பக்கத்தார் சூழ்ந்து நிற்க வேண்டாம். “ஒண்ணும் இல்ல” என்று சொல்லவே சொல்லாதீர்கள். அவருக்கு இருக்கிறது. “தெரியுது தாத்தா. நேத்தும் இப்படித்தான் வந்துச்சு, போயிடுச்சு. நான் பக்கத்துலயே இருக்கேன்” என்பது உண்மையும்கூட. இந்த அலைகளில் பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பேச்சைக் குறைத்து, உங்கள் மூச்சையே மெதுவாக, சத்தம் கேட்கும்படி விடுங்கள். அவருடைய மூச்சு அதைப் பின்பற்றும்.

திரைப்படத்தில் வருவது போலக் காகிதப் பையை முகத்தில் வைக்காதீர்கள். நோயாளிக்கு அது ஆபத்து. திணறலைத் தணிக்க மருத்துவர் மிகக் குறைந்த அளவில் மோர்ஃபின் எழுதித் தந்திருக்கலாம். அதன் பலன் ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் புட்டியைத் திறப்பது பெரியவர்களின் வேலை. ஆஸ்துமா தாக்கம் என்றால் இந்த உத்திகளில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். மருத்துவர் தந்த நீல நிற இன்ஹேலர்தான் முதலில்.

சில அடையாளங்களைக் கண்டால் உடனே 999ஐ அழைக்க வேண்டும்: உதடும் நாக்கும் நீலம் பூத்தல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு அல்லது எழுப்ப முடியாத தூக்கம், ஒரு சொல்கூட முழுதாகச் சொல்ல முடியாமை, உணவு தொண்டையில் சிக்கியிருப்பது, இதுவரை இல்லாதவருக்குத் திடீரெனத் திணறல் வருவது, வழக்கமான நேரத்தில் அடங்காமல் கூடிக்கொண்டே போவது. முற்றிய நோய் உள்ள சிலருடைய வீட்டில், யாரை அழைப்பது என்று மருத்துவரோடு பேசி முன்பே முடிவு செய்திருப்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற நோய்த்தணிப்புப் பராமரிப்புக் குழுக்களின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்ப்பதுண்டு. அந்தத் தொலைபேசி எண் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று இன்றே அம்மாவிடம் கேட்டுவையுங்கள்.

அலை அடங்கியதும் தாத்தாவுக்கு வாய் உலர்ந்திருக்கும். ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள், உடனே எழுப்பி நடக்கவைக்க வேண்டாம். பிறகு ஒரு குறிப்புப் புத்தகத்தில் நாலு விவரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நிமிடம் நீடித்தது, எது உதவியது. ஆக்சிமீட்டரின் எண்ணையும் எழுதலாம், ஐந்தாவது விவரமாக. ஒரு வாரக் குறிப்பைப் பார்த்தாலே, திணறல் எப்போதும் குளியலுக்குப் பிறகுதான் வருகிறது என்பது போன்ற ஒன்று பிடிபடலாம். அப்போது குளியலறையில் ஒரு முக்காலி போட்டுவிடலாம். தாதி அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.